பின்வாங்கும் பொக்லைன்

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு மீன் சந்தையருகே எங்கள் பேருந்து நின்றுவிடுகிறது. முன்னால் வழியை மறித்து ஒரு பொக்லைன். சாலையை அகலப்படுத்த மீன் கடைகளை இடிக்க வந்திருக்கிறார்கள். மீன் விற்கும் பெண்கள் கூடைகளோடு அதன் எதிரே வெயிலில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஸ்கூட்டரில் வந்திறங்கும் ஒரு வக்கீல் பெண், உயர்நீதிமன்றத்தின் தடை உத்தரவை, இடிப்பை மேற்பார்வையிட வந்த அதிகாரியிடம் நீட்டுகிறார். அதிகாரி அதை இரண்டு முறை படிக்கிறார். முகம் சுருங்குகிறது. பிறகு பொக்லைன் டிரைவரிடம், "வண்டியத் திருப்புப்பா" என்கிறார்.

சந்தை முழுக்க விசிலும் கைதட்டலும். நான் இறங்கிப் போய், முன்வரிசையில் இருக்கும் கஸ்தூரி என்ற பெண்ணிடம் கேட்கிறேன்.

"கவர்மென்டையே ஜெயிச்சிட்டீங்களே அக்கா?"

"ரோடு வேணாம்னு நாங்க சொல்லவே இல்லண்ணா. இன்னா ஏதுன்னு எங்கள ஒரு வார்த்த கேக்காம இடிக்க வந்துட்டாங்க. கவர்மென்டுன்னாலும் அதுக்கு ஒரு கோடு கீதுல்ல? அத்தத்தான் ஜட்ஜு சொல்லிக்கீறாரு."

அரசனும் அறத்துக்குக் கட்டுப்பட்டவன் என்று பழைய பாடல்களில் படித்திருக்கிறேன். அவன் மீறினால் யார் தடுப்பது என்பதுதான் எனக்கு விளங்காமல் இருந்தது. இப்போது அந்த அதிகாரியே கையசைத்து வழிகாட்ட, அத்தனை பெரிய இயந்திரம் அங்குலம் அங்குலமாகப் பின்வாங்குகிறது. எனக்கு மயிர்க்கூச்செறிகிறது.

கஸ்தூரி எழுந்து புடவை மணலைத் தட்டிவிட்டு, அதிகாரியைப் பார்த்துக் குரல் கொடுக்கிறாள்:

"சார், வஞ்சிரம் ஃப்ரெஷ்ஷா கீது. வூட்டுக்கு வாங்கினு போ!"

அவரும் சிரித்துவிடுகிறார்.