இடப்பக்கத்துச் சத்தம்

காலை 8.10, தர்மபுரி. இங்கிருந்து ஒகேனக்கல் நாற்பத்தாறு கிலோமீட்டர். மகளின் பிரசவத்துக்காக மெல்போர்ன் போன என் மனைவி சாரதா, ஐந்து மாதமாக அங்கேயே இருக்கிறாள். இன்னும் மூன்று மாதம் இருக்கட்டுமா, டிக்கெட்டை மாற்ற இன்றுதான் கடைசி நாள், மதியத்துக்குள் சொல்லுங்கள் என்றிருந்தாள். "தாராளமா இரு" என்பது என் வாயில் தயாராக இருந்தது. என் பெருந்தன்மை எப்போதும் வாயோடு சரி. அருவிக்கரையில் நின்று சொன்னால் குரல் நடுங்குவது அவளுக்குக் கேட்காது என்று கிளம்பினேன்.

8.40. இண்டூர் தாண்டியதும் தொடங்கியது. டக், டக், டக். ஐந்து மாதமாகக் காரைக் கடைத்தெருவுக்கு அப்பால் கொண்டுபோனதில்லை. அந்தக் கோபமோ என்னவோ. கார் பராமரிப்பு பற்றி மூன்று புத்தகம் படித்திருக்கிறேன். ரேடியோவை அணைத்தேன், கண்ணாடியை இறக்கினேன். சக்கரம் என்று முடிவுசெய்தேன். அடுத்த மேட்டில் கியர்பாக்ஸ், அதற்கடுத்த வளைவில் என்ஜின். சாரதா இருந்தால், "நீங்க ரோட்டப் பாருங்க, நான் கேக்கறேன்" என்றிருப்பாள். பென்னாகரம் வருவதற்குள் மனதளவில் காரை விற்றுவிட்டேன்.

9.20, பென்னாகரம். ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் பாய்க்கு என் வயதிருக்கும். பானெட்டைத் தொடவில்லை. நேராக என் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"ஓட்டுங்க சார், கேப்போம்."

இரண்டு கிலோமீட்டர் ஓட்டினேன். சத்தமே இல்லை.

"இவ்வளவு நேரம் கேட்டுச்சு பாய், சத்தியமா."

"என்னையப் பாத்து பயந்துக்கிச்சாட்டம் இருக்குது." இறங்கிப் பின்சீட்டுக்கு மாறினார். டக், டக். மறுபடி முன்னால் வந்தார். நின்றது.

"சீட்டுதாங்க. அடியில போல்ட் லூசு. ஆள் ஒக்காந்தா அழுத்திப் புடிச்சுக்கும், காலியா இருந்தா ஆடும். இதுல யாரும் ஒக்கார்றதில்லீங்களா?"

"அஞ்சு மாசமா இல்ல."

"வூட்ல ஊர்ல இல்லீங்களா? அதான பாத்தேன். அவசரம்னா ஒரு புளி மூட்டயத் தூக்கி வெச்சாக்கூட போதுங்க, சத்தம் வராது."

ஒர்க்‌ஷாப்புக்குத் திரும்பினோம். அவர் ஸ்பேனரோடு சீட்டுக்கடியில் குனிந்த நேரத்தில் மெல்போர்னுக்கு அடித்தேன்.

"சாரதா, பக்கத்து சீட்டு காலியா இருந்தா கார் சத்தம் போடுது."

"மெக்கானிக்குகிட்ட காட்டறதுதானே?"

"காட்டிட்டேன். புளி மூட்டை வைக்கலாம்ங்கறாரு."

அங்கே பேத்தி சிணுங்கினாள். சாரதா தட்டிக்கொடுப்பது கேட்டது.

"வெச்சீங்களா?"

"இல்ல. நீ வந்துடு."

"இதச் சொல்ல அஞ்சு மாசமாங்க உங்களுக்கு? சரி, டிக்கெட் அப்படியே இருக்கட்டும்."

பாய் ஐம்பது ரூபாய் வாங்கிக்கொண்டார். அருவிக்கு இன்னும் பதினாறு கிலோமீட்டர். ஒகேனக்கலை எதிர்பார்த்து இதுவரை படித்தவர்கள் மன்னிக்கவும். வண்டியைத் தர்மபுரிக்கே திருப்பிவிட்டேன். வழி முழுக்கக் கார் மூச்சுவிடவில்லை. நான்தான் இரண்டு முறை இடப்பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

அவள் வர இன்னும் பதினெட்டு நாள். சமையல் மேடையைத் துடைக்க மட்டுமே அது போதுமா, தெரியவில்லை.