தார்சியோவை ஜெயித்த ஐஸ்காரர்

பெலெம் நகரத்து மீன்பிடித் துறையில் ஜெனிவால் யார் என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள். "தார்சியோவ ஜெயிச்சவரு" என்றால் உடனே கை காட்டிவிடுவார்கள். இருபத்தைந்து கிலோ ஐஸ் பாளத்தைச் சாக்கில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு, ஈரப் பலகைமேல் பாதம் பிசகாமல் படகுக்குப் போகிறாரே, அந்தத் தடித்த மனிதர்தான்.

தார்சியோ லமேய்ராவைப் பற்றி அந்த ஊரில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஜப்பானுக்குப் போய்க் அதிக எடைப் பிரிவில் பட்டம் வாங்கி வந்தவன். இனி இவன் எழுந்திருக்க மாட்டான் என்று பத்திரிகைகள் மூன்று தடவை எழுதின. மூன்று தடவையும் எழுந்தான். அவனை அவன் பிறந்த ஊரிலேயே தோற்கடித்த ஒரே ஆள் ஐஸ் தூக்கும் ஜெனிவால்.

அது நடந்தது தொண்ணூற்றாறாம் வருஷம், ஒரு பள்ளிக்கூடத்து விளையாட்டுக் கூடத்தில். கடிக்கக் கூடாது, கண்ணில் குத்தக் கூடாது, மற்றபடி எப்படி வேண்டுமானாலும் சண்டை போடலாம் என்பதுதான் விதி. பரிசு ஒரு ஃப்ரிட்ஜ். ஜெனிவால் மரஜோ தீவுக்காரர். திருவிழா வந்தால் மணலில் மல்லுக்கட்டி எதிராளியின் முதுகைத் தரையில் பதிய வைப்பது அந்தத் தீவில் எல்லா ஆண்பிள்ளைகளுக்கும் தெரிந்த வேலை. அதைத் தவிர அவருக்கு வேறு வித்தை தெரியாது. எதிரே நின்ற தார்சியோவுக்கு இருபத்திரண்டு வயது. மூன்று வருஷம் முறையாக ஜியூ ஜிட்சு படித்தவன், ஆறரை அடி உயரம். எல்லாரும் அவன்மேல்தான் பந்தயம் கட்டியிருந்தார்கள்.

நாலு நிமிஷத்தில் முடிந்துவிட்டது. ஜெனிவால் அவனை இடுப்போடு சேர்த்துக் கட்டிப் பிடித்தார், தூக்கினார், மல்லாக்கப் போட்டார், மேலே படுத்து இறுக்கினார். தார்சியோவின் முகம் கன்றிச் சிவந்தது. உள்ளங்கையால் தரையைத் தட்டிவிட்டான். தட்டினால் தோல்வி.

மறுநாள் காலை ஜெனிவால் வேலையில் இருந்தபோது, பலகையின் முனையில் அவன் வந்து நின்றான். ஒரு காது காலிஃபிளவர் மாதிரி வீங்கியிருந்தது. பழி வாங்க வந்திருக்கிறான் என்று நினைத்து ஜெனிவால் ஐஸ் கொக்கியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"சண்டை நேத்தே முடிஞ்சு போச்சு தம்பி. வீட்டுக்குப் போ."

"சண்டைக்கு வரலண்ணே. ஒண்ணு கேக்கணும். நேத்து என் மூச்ச எப்படி நிறுத்துனீங்க? கழுத்த நீங்க தொடவே இல்லயே!"

இப்படி ஒரு கேள்வியை யாரும் ஜெனிவாலிடம் கேட்டதில்லை. கையில் இருந்த கொக்கியைக் கீழே வைத்தார்.

"ஐஸ் வழுக்கும்டா. நழுவப் பாக்குறப்பல்லாம் கொஞ்சம் கொஞ்சமா இறுக்கிக்கணும். இறுக்குனத விடக் கூடாது. நேத்து நீயும் அப்படித்தான். நீ மூச்ச வெளிய விட்டப்பல்லாம் நான் இறுக்குனேன். உள்ள இழுக்க எடமில்லாமப் போச்சு. அவ்ளோதான்."

"நான் தூக்கிப் பாக்கட்டுமா?"

முதல் நாள் அவன் இரண்டு பாளங்களைக் கீழே போட்டு உடைத்தான். மேஸ்திரி வாயில் வந்ததையெல்லாம் திட்டினார். அவன் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு மூன்றாவது பாளத்தைத் தூக்கினான். எட்டு நாள் வந்தான். கூட வேலை பார்த்த செபாவுக்கு இதைப் பார்த்துச் சிரிப்புத் தாங்கவில்லை.

"ஜெயிச்சவனும் ஐஸ் தூக்குறான், தோத்தவனும் ஐஸ் தூக்குறான். அப்புறம் எதுக்குடா அடிச்சுக்கிட்டீங்க?"

ஒன்பதாம் நாள் அவன் வரவில்லை. ரியோவுக்குப் பயிற்சிக்குப் போய்விட்டதாகத் தெரிந்தது. ஜெனிவாலுக்கு ஒன்று மட்டும் பிடிபடவில்லை. தன்னை நூறு பேருக்கு முன்னால் மண்ணில் போட்டவனிடமே வந்து நிற்கிறானே, இவனுக்கு ரோஷமே கிடையாதா? அல்லது நம்மிடம் இல்லாத ஏதோ ஒன்று இவனிடம் இருக்கிறதா?

அதன்பிறகு ஜெனிவால் ஒரு சண்டைகூடப் போடவில்லை. கேட்டு வந்தவர்கள் நிறையப் பேர். மனாவுஸிலிருந்து ஒருவர் விமானச் சீட்டோடு வந்தார். எல்லாரிடமும் முதுகு வலி என்று சொல்லி அனுப்பினார். அவர் மனைவி இவோனே பள்ளிக்கூடத்தில் சமைப்பவள், வாய்க்குப் பயப்படாதவள்.

"ஐஸத் தூக்குறப்ப வலிக்காத முதுகு, ஆளப் பாத்தா மட்டும் வலிக்குதாக்கும்" என்றாள்.

உண்மை அவருக்குத் தெரியும். கையில் ஒரு வெற்றி இருந்தது. இன்னொரு தடவை இறங்கினால் அது போய்விடலாம்.

அந்த வெற்றி வருஷத்துக்கு வருஷம் பெரிதாகிக்கொண்டே போனது, ஏனென்றால் தார்சியோ பெரியவனாகிக்கொண்டே போனான். இரண்டாயிரத்தொன்றில் பட்டம் வாங்கினான். அடுத்த வருஷமே ஒரு டச்சுக்காரன் முழங்காலால் அவன் தாடையை உடைத்தான். தாடை கூடியதும் அவன் செய்த முதல் காரியம், ரோட்டர்டாமுக்கு விமானம் ஏறி அந்த டச்சுக்காரனின் பயிற்சிக் கூடத்திலேயே மூன்று வாரம் தங்கியது. செய்தித்தாளில் இதைப் படித்தபோது ஜெனிவாலுக்குச் சிரிப்பு வந்தது. அங்கே ஐஸ் தூக்கச் சொல்லியிருக்க மாட்டார்கள். வேறு என்ன தூக்கினானோ!

சாவோ பாவ்லோவிலிருந்து நிருபர்கள் வருவார்கள். நாலு நிமிஷச் சண்டையை ஜெனிவால் அரைமணி நேரம் சொல்லுவார். போகப் போக அவருக்கே அது வேறு யாருக்கோ நடந்த கதை மாதிரி ஆகிவிட்டது.

இரண்டாயிரத்தெட்டில் தார்சியோவின் வலது கை முறிந்தது. எதிராளி கையை முதுகுப் பக்கமாக முறுக்கினான். தட்டியிருந்தால் விட்டிருப்பான். தார்சியோ தட்டவில்லை. எலும்பு ஒடிந்த சத்தம் தொலைக்காட்சியில் கேட்டது. இரும்புத் தகடும் பதினாறு திருகாணிகளும் வைத்தார்கள். முப்பத்துநாலு வயதாயிற்று, போதும் என்றார் டாக்டர்.

ஏழு மாதம் கழித்து, அந்த ஊரில் தினமும் இரண்டு மணிக்கு வரும் மழை பெய்து ஓய்ந்த ஒரு பிற்பகலில், அவன் துறைக்கு வந்தான். நெற்றியிலும் புருவத்திலும் தையல் தழும்பு. மீன்காரிகள் வேலையைப் போட்டுவிட்டுச் சுற்றி நின்றார்கள். ஒருத்தி அவன் காதைத் தொட்டே பார்த்துவிட்டாள்.

"அண்ணே, வியாழக்கிழம இங்க நான் பயிற்சி பண்ற கூடத்துக்கு வர்றீங்களா? என்னைக் கட்டிப் புடிச்சு இறுக்க ஒரு ஆளு வேணும். வலது கைல பலமில்ல. இடது கைய வச்சே புடிய விட்டு வெளிய வரக் கத்துக்கணும். பசங்கல்லாம் என் கைய நெனச்சு பயந்து பயந்து புடிக்கிறாங்க."

"எனக்கு முதுகு..." என்று ஆரம்பித்தார் ஜெனிவால்.

சாப்பாட்டுத் தூக்கோடு அப்போதுதான் வந்திருந்த இவோனே அவரைப் பார்த்தாள். அவ்வளவுதான், வாக்கியம் பாதியில் நின்றுவிட்டது.

"வர்றேன்" என்றார்.

வியாழக்கிழமை செபாவின் அரைக்கால் சட்டையைக் கடன் வாங்கிப் போட்டுக்கொண்டு பாயில் இறங்கினார். வயிறு முன்னால் தள்ளியிருந்தது. ஆனால் கைகள் அதே கைகள். தார்சியோவைக் கட்டிப் பிடித்ததும் பழைய நினைப்பில் தானாக இறுகின. ஒரு நிமிஷம் அவன் திணறினான். பிறகு இடுப்பை ஒரு பக்கமாக ஒடித்தான், இடது முழங்கையை எங்கேயோ செருகினான், ஜெனிவால் கவிழ்ந்து கிடந்தார். கழுத்தைச் சுற்றி ஒரு கை. தட்டினார்.

மறுபடி பிடித்தார். மறுபடி தட்டினார். பதினொரு தடவை. மூலையில் உட்கார்ந்திருந்த பையன்கள் முதல் தடவை கைதட்டி ஆரவாரித்தார்கள், பிறகு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

பன்னிரண்டு வருஷம் பயந்த காரியம் நடந்தே விட்டது. மல்லாந்து கிடந்தபடி நெஞ்சுக்குள் என்னவாகிறது என்று அவர் கவனித்துப் பார்த்தார். மூச்சு வாங்கியது. விலா வலித்தது. வேறு ஒன்றும் இல்லை. கொஞ்சம் பசித்தது.

இருவரும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்தார்கள்.

"ஒண்ணு கேக்கவாடா? அன்னிக்குத் தோத்த மறுநாளே வந்தியே. வெக்கமா இல்ல?"

தார்சியோ துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "இல்லாம என்னண்ணே? பஸ்ல வர்றப்ப ரெண்டு தடவ நடுவுலயே எறங்கிட்டேன். ரெண்டாவது தடவ எறங்கி வீட்டுப் பக்கமாவே நடக்க ஆரம்பிச்சேன்."

"அப்புறம்?"

"வெக்கம் ரெண்டு நாள்ல போயிரும்னு தெரியும். எப்படித் தோத்தேன்னு தெரியலன்னா அது சாகுற வரைக்கும் அரிச்சுக்கிட்டே இருக்கும். அதான் மறுபடி பஸ் ஏறுனேன்."

"கை ஒடையுறப்ப ஏன்டா தட்டல?"

"அது முட்டாத்தனம்ணே" என்று சிரித்தான் தார்சியோ. "ஜனங்க அத வீரம்னு சொல்றாங்க. நானும் மறுத்துப் பேசறதில்ல. ஒங்ககிட்ட மட்டும் சொல்றேன், வெளிய சொல்லிடாதீங்க."

அடுத்த நாலு மாதமும் வியாழக்கிழமை தவறாமல் ஜெனிவால் போனார். கடைசி வாரங்களில் பதினொன்றில் ஒன்றிரண்டு தடவை அவனை விடாமல் பிடித்து வைக்கவும் முடிந்தது.

ஒசாகாவில் தார்சியோ திரும்பச் சண்டை போட்ட அன்று பெலெமில் ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி. ஐஸ் ஃபேக்டரியில் எல்லாரும் காபியும் மரவள்ளி மாவு அடையுமாகத் தொலைக்காட்சி முன் கூடினார்கள். முதல் சுற்றில் அவன் இரண்டு தடவை கீழே விழுந்தான். இரண்டாம் தடவை விழுந்தபோது செபா எழுந்து வெளியே போய்விட்டான். ஜெனிவால் போகவில்லை. அவன் எப்படி எழுந்திருக்கிறான் என்பதை அன்றுதான் சரியாகப் பார்த்தார். துள்ளி எழவில்லை. முதலில் ஒரு முழங்கால். பிறகு எதிராளியின் காலைப் பிடித்துக்கொண்டு அவன்மேலேயே சாய்ந்து, சுவரைப் பிடித்து எழும் வயசாளி மாதிரி, மெதுவாக. அழகாக இல்லை. ஆனால் எழுந்து நின்றுவிட்டான்.

மூன்று சுற்றும் போட்டு, நடுவர் மூவரில் இருவர் தீர்ப்பில் ஜெயித்தான். கண் ஒன்று முழுசாக மூடியிருந்தது. ஃபேக்டரிக்குள் கூரை பறக்கிற மாதிரி கத்தினார்கள். ஜெனிவால் மட்டும் குனிந்து தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன, அழறீங்களா?" என்று கேட்டாள் இவோனே.

"இல்லடி. அவன் ஒத்த முழங்கால ஊணி எழுந்திருச்சத நானும் செய்ய முடியுமான்னு பாக்கறேன்."

அடுத்த வருஷம் காஸ்தன்யால் ஊரில் நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்குப் போட்டி வைத்தார்கள். மல்லுக்கட்டு மட்டும்தான், குத்து கிடையாது. ஜெனிவால் பெயர் கொடுத்தார். முதல் ஆட்டத்தில் ஒரு வங்கி குமாஸ்தா, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு வந்தவர், ஒன்றரை நிமிஷத்தில் அவரைத் தட்ட வைத்தார். மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் ஜெனிவால் இரண்டு புள்ளியில் ஜெயித்தார். வெண்கலப் பதக்கம், பச்சை நாடா.

திரும்பும் பேருந்தில் மழை பிடித்துக்கொண்டது. இவோனே பதக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஒங்க வயசுப் பிரிவுல மொத்தம் எத்தன பேரு?"

"அஞ்சு."

"ஒருத்தர் வரலன்னு மைக்ல சொன்னாங்களே?"

"அப்ப நாலு" என்று ஒப்புக்கொண்டார் ஜெனிவால்.

அவள் சிரித்த சிரிப்பில் முன் இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார். ஜெனிவாலும் சிரித்தார், வலித்த விலாவைக் கையால் பிடித்துக்கொண்டு.