ஸ்பானர் மாமாவின் காலி டப்பா

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பாரா என்பது சந்தேகம். தெருவுக்கு அவர் ஸ்பானர் மாமா. ஆனால் அவர் மெக்கானிக் இல்லை, ஃபிட்டர் இல்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் ஃப்ரேமுக்குள் லென்ஸ் பொருத்துகிறவர். காலையிலிருந்து சாயங்காலம்வரை கடுகு அளவு ஸ்க்ரூவை இடுக்கியால் பிடித்துப் பிடித்து, வீட்டுக்கு வரும்போது மனுஷனுக்குக் கை நமநமவென்று அரிக்கும். பெரிய நட்டு, பெரிய போல்ட்டு, முழங்கை நீளத்துக்கு ஒரு ஸ்பானர், இதெல்லாம் கையில் இருந்தால்தான் அவருக்கு மூச்சு சீராகும்.

நன்றாக ஓடுகிற சாமானைப் பார்த்தால் அவருக்குப் பொறுக்காது. இதை இன்னும் கொஞ்சம் நன்றாக ஓட வைத்தால் என்ன? இந்த ஒரு கேள்வியால் அந்த வீடு பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. வாசல் மணியை அவர் சரிசெய்த பிறகு, யாராவது குளியலறை விளக்கைப் போட்டால் மணி அடித்தது. வருகிறவர்கள் வாசலில் நின்று கத்துவார்கள், குளிக்கப் போகிறவர்கள் மணியடித்துவிட்டுப் போவார்கள். மேஜை மின்விசிறிக்கு வேகம் கூட்டினார். அது மேஜையை விட்டுக் குதித்தது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அவரிடம் கெட்ட எண்ணம் என்று ஒரு துளி கிடையாது. எல்லாம் அடுத்தவருக்கு ஒத்தாசையாக இருக்கட்டும் என்றுதான் செய்வார். அதுதான் கொடுமையே!

அவர் மனைவி லாண்டரி நடத்துகிறார். கீழே கடை, மேலே வீடு. நாலைந்து ஓட்டல்களின் படுக்கை விரிப்பு, ஒரு ஆஸ்பத்திரியின் போர்வை என்று தினமும் மூட்டை மூட்டையாக வரும். டர்போ டீசல் வேன் ஒன்று வைத்திருக்கிறார். அதை ஓட்டுவதும் அவர்தான். தெருவில் எல்லோரும் லாண்டரியம்மா என்பார்கள், நாமும் அப்படியே சொல்லுவோம். லாண்டரியம்மாவுக்குப் பொறுமை நிறைய உண்டு. அந்தப் பொறுமைக்கும் ஒரு நாள் முடிவு வந்தது.

பெரிய வாஷிங் மெஷினில் தண்ணீர் மெதுவாக வெளியேறுகிறது என்று ஸ்பானர் மாமா அதில் பஞ்சு பிடிக்கும் வலையைக் கழற்றி வைத்துவிட்டார். தண்ணீர் பிரமாதமாகப் போனது. கூடவே பஞ்சும் நூலும் போய்ச் சாக்கடைக் குழாயை அடைத்தன. மறுநாள் கடை முழுக்க வெள்ளம். ஓட்டல் தலையணை உறைகள் வரிசையாக மிதந்து தெருவுக்குப் போயின. லாண்டரியம்மா கத்தவில்லை, அழவில்லை. முழங்கால் தண்ணீரில் நடந்து வந்து, மாமாவின் சிவப்பு இரும்புப் பெட்டியைப் பூட்டி, சாவியைத் தன் சாவிக்கொத்தில் கோத்துக்கொண்டார்.

"இனிமே என் மெஷின்லயோ வண்டிலயோ உங்க கை பட்டுச்சு, அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்றால் என்ன என்று மாமா கேட்கவில்லை. அந்தக் குரலைக் கேட்டிருந்தால் நீங்களும் கேட்டிருக்க மாட்டீர்கள்.

அதன் பிறகு அந்த வீட்டில் எல்லாம் ஒழுங்காக ஓடியது. மாமாதான் ஓடவில்லை. சாப்பிடுவார், டிவி பார்ப்பார், மாடிப்படிக்கு அடியில் கிடக்கும் பெட்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தூங்கப் போவார். 'நம்ம கையை நம்ம வீட்டுலயே நம்பலையே' என்பது அவருக்குத் தொண்டையில் சிக்கிய முள்ளாக இருந்தது.

இப்படி இருக்கையில் வேன் மேம்பாலம் ஏற மூச்சு வாங்க ஆரம்பித்தது. பட்டறையில் விட்டார்கள். வேலை முடிந்ததா என்று பார்த்துவரப் போனவர் மாமா. மெக்கானிக் ஒரு பைப்பைக் கழற்றி உள்ளே விரலை விட்டுக் காட்டினார். விரல் முழுக்கக் கருப்புப் பிசுக்கு.

"எஞ்சின் விடுற மூச்சுல ஆயிலும் ஆவியா கலந்து வரும் சார். அதை வெளிய விடக்கூடாதுன்னு திரும்ப டர்போ வழியாவே எஞ்சினுக்கு அனுப்புற மாதிரி செஞ்சிருக்காங்க. போற வழியெல்லாம் இப்படிப் படியும். இப்ப சுத்தம் பண்ணிட்டேன், ஆனா மறுபடியும் படியத்தான் செய்யும்."

"படியாம இருக்க வழியே இல்லையா?"

"நடுவுல ஒரு டப்பா மாட்டுறவங்க இருக்காங்க. ஆயில் கேட்ச் கேன்னு பேரு. உள்ள வலை இருக்கும். ஆயில் அதுல தங்கிடும், காத்து மட்டும் போகும். அப்பப்ப அடியில இருக்கிற குழாயைத் திறந்து வடிச்சுக்கணும். ஆனா நமக்கு எதுக்கு சார் அதெல்லாம்? துணி மூட்டையை வச்சுக்கிட்டு ரேஸா ஓட்டப்போறீங்க?"

மெக்கானிக் சிரித்தார். மாமா சிரிக்கவில்லை. அவர் மனம் அப்போதே டப்பாவை மாட்டி முடித்துவிட்டது.

டப்பா கண்ணாடிக் கடை முகவரிக்கு வந்து சேர்ந்தது. தண்ணீர்ச் சொம்பு அளவு, பளபளவென்று அலுமினியம். மேலே இரண்டு மூக்கு, அடியில் குட்டிக் குழாய். கூட ரப்பர் ஹோஸ், அதை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப், பிடிமானத் தகடு. மாமா அதை மூன்று நாள் லென்ஸ் அலமாரியில் ஒளித்து வைத்து, ஆள் இல்லாதபோது எடுத்துத் துடைத்துத் துடைத்து வைத்தார். அவர் போட்ட கணக்கு ரொம்ப எளிது. ரகசியமாக மாட்டுவது. ஒரு மாதம் கழித்து டப்பாவில் தேங்கிய பிசுக்கை மனைவி கண்முன் கொண்டுபோய் நீட்டுவது. 'பார்த்தியா, இவ்வளவும் உன் எஞ்சினுக்குள்ள போயிருக்கும்' என்று சொல்லிப் பெட்டிச் சாவியைத் திரும்ப வாங்குவது. லாண்டரியம்மா வண்டி ஓட்டுவாரே தவிர பானெட்டைத் திறந்து பார்க்கிறவர் இல்லை என்பது மாமாவின் திடமான நம்பிக்கை. எதை வைத்து அப்படி நம்பினாரோ, அது அவருக்கே வெளிச்சம்.

ஞாயிற்றுக்கிழமை லாண்டரியம்மா தன் அக்கா வீட்டுக்குப் பஸ்ஸில் கிளம்பினார். பஸ் திரும்பியதோ இல்லையோ, மாமா பானெட்டுக்குள் தலையை விட்டுவிட்டார். பெட்டி பூட்டிக் கிடக்கிறதே, ஸ்பானருக்கு எங்கே போவது? பட்டறையில் இரவல். ஹோஸ் வெட்ட? லாண்டரிக் கத்தரிக்கோல். கடையில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த மைத்துனன் வெளியே வந்து எட்டிப் பார்த்தான்.

"மாமா, அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. நீயும் மூச்சு விடாதே."

"நான் எதுக்கு விடுறேன்? எனக்கு இஸ்திரி இருக்கு" என்று சொல்லிவிட்டு, இஸ்திரியை மறந்து அங்கேயே நின்றான்.

உள்ளதைச் சொல்ல வேண்டும், மாமா அழகாகத்தான் வேலை செய்தார். பேட்டரிக்குப் பக்கத்தில் தகட்டைப் பொருத்தி டப்பாவை நிறுத்தினார். எஞ்சின் தலையிலிருந்து வரும் ஹோஸ் ஒரு மூக்குக்கு, டர்போவுக்குப் போகிறது இன்னொரு மூக்குக்கு. தூசி போகாமலிருக்க இரண்டு மூக்கிலும் உள்ளே சின்னதாகச் சிவப்பு பிளாஸ்டிக் அடைப்பான் வைத்து அனுப்பியிருந்தார்கள். ஒன்றைப் பிடுங்கி ஹோஸை மாட்டினார். அவருடைய மூக்குக்கண்ணாடி வியர்வையில் வழுக்கியது, எடுத்து நெற்றிமேல் ஏற்றிக்கொண்டார். அந்த நேரம் பார்த்து லாண்டரியம்மாவிடமிருந்து போன் வந்தது.

"அக்கா வீட்டுல யாரும் இல்லைங்க. அடுத்த பஸ்ல திரும்பி வந்துட்டிருக்கேன்."

மாமா போனைப் பையில் போட்டார். அரக்கப்பரக்க ஹோஸைத் திணித்தார், கிளாம்பை முறுக்கினார், பானெட்டைச் சாத்தினார். ஸ்டார்ட் செய்து பார்த்தார். எஞ்சின் சமர்த்தாக ஓடியது. லாண்டரியம்மா வந்தபோது மாமா டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். டிவி போட மறந்திருந்தது.

மறுநாள் சாயங்காலம் லாண்டரியம்மாவின் சட்டைக் கையில் பெரிதாக ஒரு ஆயில் கறை. மாமாவின் முகத்தில் ஈயாடவில்லை.

"எ... என்னம்மா கறை?"

"கடையில பட்டுச்சு," என்றார் லாண்டரியம்மா. "ஏன், உங்களுக்கு ஏதாவது சொல்லணுமா?"

"எனக்கா? எனக்கென்ன சொல்ல இருக்கு?"

"அப்ப சரி" என்று லாண்டரியம்மா நமுட்டுச் சிரிப்புச் சிரித்தார். அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் ஸ்பானர் மாமாவுக்கு வேன் கழுவும் பக்தி வந்துவிட்டது. வாளியும் துணியுமாகப் போவார், யாரும் பார்க்காதபோது பானெட்டைத் தூக்குவார், டப்பாவின் குழாய்க்கடியில் ஒரு மூடியைப் பிடித்துத் திறப்பார். முதல் வாரம், ஒன்றும் இல்லை. சரி, இப்போதுதானே மாட்டினோம். அடுத்த வாரம், ஒரே ஒரு சொட்டு வந்து நுனியில் தொங்கியது. விழக்கூட இல்லை. அதற்கடுத்த வாரம் அதுவும் இல்லை. டப்பாவைத் தட்டினார், ஆட்டினார், குழாயில் வாய் வைத்து ஊதினார். ம்ஹூம்.

பட்டறைக்குப் போய்க் கேட்டார். "வண்டி ஓடுதுல்ல? அப்புறம் என்ன?" என்று சொல்லிவிட்டு மெக்கானிக் வேறு பக்கம் திரும்பி இருமினார். மைத்துனன் வேறு. "மாமா, பேசாம அதுல ஒரு பூச்செடி வைங்க, பாக்க நல்லாருக்கும்" என்பான். சொல்லி முடிக்குமுன் அவனுக்கே சிரிப்புத் தாங்காது, உள்ளே ஓடிவிடுவான். அக்கா தம்பி இரண்டு பேருக்கும் இந்த நமுட்டுச் சிரிப்பு எங்கிருந்துதான் வந்ததோ!

மாமா நிஜமாகவே ஒடிந்துபோனார். வாசல் மணி போகட்டும், மின்விசிறி போகட்டும். இது அவர் படித்து, யோசித்து, அளவெடுத்துச் செய்த வேலை. இதுவும் உதவாது என்றால், தன் கைக்கு ஒன்றும் வராது என்று இத்தனை வருஷம் மற்றவர்கள் சொன்னது உண்மைதானா? கண்ணாடிக் கடையில் அன்று ஒரு லென்ஸை மாற்றிப் பொருத்தினார். அப்படி அவர் செய்ததே இல்லை.

அந்த வாரம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது லாண்டரியம்மா சர்வ சாதாரணமாக ஆரம்பித்தார்.

"நாளைக்கு ஞாயிறு, பழைய இரும்பு எடுக்கிறவர் வருவாரு. மாடிப்படிக்கு அடியில அந்தச் சிவப்புப் பெட்டி சும்மா எடத்தை அடைச்சிக்கிட்டுக் கெடக்கு. போட்டுடலாமா?"

மாமா பிசைந்த சோற்றை அப்படியே விட்டார். வேண்டாம் என்று சொல்ல என்ன காரணம் இருக்கிறது? காட்டுவதற்கு ஒரு சொட்டு ஆயில்கூட இல்லையே. "உன் இஷ்டம்மா" என்று எழுந்து கை கழுவினார்.

காலையில் இரவல் ஸ்பானரோடு வேனுக்குப் போனார். சத்தமில்லாமல் டப்பாவைக் கழற்றிவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. பானெட்டைத் திறந்தார், முதல் போல்ட்டில் ஸ்பானரை வைத்தார். வைத்த கை நின்றுவிட்டது. பெட்டி போவது போகிறது, கூடவே ஒரு திருட்டுத்தனமும் எதற்கு? ஸ்பானரை வைத்துவிட்டு நேரே கடைக்குள் போனார். லாண்டரியம்மா போர்வை மடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் மைத்துனன்.

"இந்தாம்மா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். உன் வண்டில நான் கை வச்சேன். ஒரு டப்பா மாட்டினேன். உனக்குத் தெரியாம மாட்டினேன். எஞ்சின் நல்லாருக்கும்னு நெனச்சேன், ஆனா அது ஒண்ணுத்துக்கும் உதவலை. நீ சாவியை வாங்கி வச்சது சரிதான். பெட்டியைப் போட்டுடு."

லாண்டரியம்மா போர்வையைக் கீழே வைத்தார்.

"அப்பாடா! வாயைத் திறக்க உங்களுக்கு இத்தனை நாளா? பெட்டியைப் போடுறேன்னு சொன்னாத்தான் முத்து உதிருமா?"

மாமா பேய் முழி முழித்தார். லாண்டரியம்மா சோப்புத்தூள் டிரம்முக்குப் பின்னால் கையை விட்டு ஒரு கண்ணாடி ஜாடியை எடுத்து மேஜைமேல் வைத்தார். உள்ளே நாலு விரல் உயரத்துக்குக் கருப்பும் பழுப்புமாகக் கெட்டியான பிசுக்கு. ஜாடிக்குப் பக்கத்தில் பொட்டு அளவு ஒரு சிவப்புப் பிளாஸ்டிக்.

"இது என்னன்னு தெரியுதா? நீங்க மாட்டின மறுநாளே மேம்பாலத்துல குப்புனு ஆயில் நாத்தம். ஓரங்கட்டிப் பாத்தா ஆயில் அளவு பாக்குற டிப்ஸ்டிக் ஒரு சாண் எழும்பி நிக்குது, பானெட் பூரா ஆயில். புதுசா ஒரு டப்பா வேற உக்காந்திருக்கு. மெக்கானிக்குக்குப் போன் போட்டேன். ஹோஸைக் கழட்டச் சொன்னாரு. கழட்டினா மூக்குல இந்தச் சிவப்பு அடைப்பான் அப்படியே இருக்கு. எஞ்சின் மூச்சு விட வழியில்லாம முட்டிக்கிட்டு நின்னிருக்கு!"

மாமாவின் கை தானாக நெற்றிக்குப் போனது. அன்று கண்ணாடி இருந்த இடம் அது.

"அப்பவே பிடுங்கி எறியத்தான் போனேன். மெக்கானிக்தான், அடைப்பானை எடுத்துட்டு ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கம்மான்னாரு. சனிக்கிழமை குழாயைத் திறந்தேன். வந்துச்சு பாருங்க! அதிலேர்ந்து சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை வடிச்சு இதுல ஊத்திட்டு வரேன். போன வாரம் பைப்பைக் கழட்டிப் பாத்தாரு. தொடச்சு வச்ச மாதிரி இருக்காம்."

"நீ... பானெட்டைத் திறந்து பார்ப்பியா?"

"உங்களைக் கட்டிக்கிட்டு பானெட்டைத் திறந்து பாக்காம வண்டி எடுப்பேனா? தெனமும் பாக்குறேன்."

மைத்துனன் போர்வையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினான்.

"முதல் நாளே சொல்லியிருக்கலாமேம்மா," என்றார் மாமா. "ஒண்ணுத்துக்கும் ஆகாதவன்னு நெனச்சு எத்தனை நாள் நொந்துபோயிட்டேன், தெரியுமா?"

லாண்டரியம்மாவின் முகம் மாறியது. "நீங்க முதல்ல சொல்லணும்னு பிடிவாதமா இருந்துட்டேன். இவ்வளவு வாடிப்போவீங்கன்னு நெனைக்கலை. தப்புதான்." இடுப்பிலிருந்த கொத்தை எடுத்து, நகத்தால் வளையத்தைப் பிரித்து, ஒரு சாவியைக் கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்தார். "டப்பா நல்ல டப்பாங்க. வேலையும் சுத்தம். எதுவா இருந்தாலும் இனிமே என்கிட்ட சொல்லிட்டுச் செய்யுங்க."

மாமாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைக்கக் கண்ணாடியைக் கழற்றினார். சாவியை விடவில்லை.

வெளியே பழைய இரும்பு எடுக்கிறவரின் குரல் கேட்டது. வாசலுக்கு வந்து, மேலே பார்த்து, "அம்மா, ஏதோ பெட்டி போடணும்னு சொல்லியிருந்தீங்களே" என்று கூவினார்.

"அது இல்லைங்க, நீங்க போயிட்டு வாங்க," என்று உள்ளிருந்தே சொன்ன லாண்டரியம்மா, மாமா பக்கம் திரும்பினார். "வாங்க, வேனுக்குப் போவோம். அந்த இன்னொரு கிளாம்பு கொஞ்சம் லூசா இருக்கு. நானும் பக்கத்துல நிக்கிறேன். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு முறுக்குங்க."