அறிவுச்செல்வி மைக்கில் கத்திய கதை

வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தவள் அறிவுச்செல்வி. மெஷின் இரைச்சலிலேயே காலம் தள்ளியதில், வீட்டில் உப்பு எடுத்துத் தரச் சொன்னால்கூட தெருமுனை வரை கேட்கும். முழங்கால் வலி தாங்காமல் மில் வேலையை விட்டபோது அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. திண்டுக்கல்லில் பெண்கள் சங்கம் ஒன்று நடத்தும் சின்ன வானொலியில், மில் பெண்களுக்கான நிகழ்ச்சிக்கு ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டாள். "பேசணும், அம்புட்டுத்தானே?" என்று பஸ் ஏறிவிட்டாள்.

நிலையத்தைப் பார்த்துக்கொண்டவள் ஷமா, இருபத்தாறு வயதுப் பெண். ஒத்திகைக்கு மைக் முன்னால் உட்கார்ந்ததும் அறிவுச்செல்வி ஒரு நோட்டை விரித்தாள்.

"அன்பார்ந்த நேயர் பெருமக்களே! உங்கள் அனைவருக்கும் எனது இனிய வணக்கங்கள்!"

ஷமா பதறிப்போய் ஹெட்போனைக் கழற்றினாள். "அக்கா, காது போச்சு! மேடையில பேசுற மாதிரி பேசாதீங்க. கேக்குறது ஒரே ஆளுன்னு நெனச்சுப் பேசுங்க."

"ஒரு ஆளுக்கு எதுக்கு பாப்பா ரேடியோ? போன் போட்டே சொல்லிரலாமே!"

ஷமா சிரித்துக்கொண்டே பதிவைப் போட்டுக் காட்டினாள். தன் குரலை முதல்முறையாகக் கேட்ட அறிவுச்செல்விக்கு முகம் சுண்டிவிட்டது.

"சண்டைக்காரி கணக்கால்ல இருக்கு! இது நமக்கு ஒத்துவராது பாப்பா. நான் வாரேன்."

ஷமா விடவில்லை. டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்தாள்.

"மெஷின் ஓடுறப்ப பக்கத்துல நிக்கிறவங்களுக்கு ஒரு ரகசியம் சொல்லணும்னா எப்படிக்கா சொல்லுவீங்க?"

"காதுக்குள்ள வாயை வச்சுத்தான். நானும் நாகஜோதியும் அப்படித்தான் பேசிக்குவோம்."

நாகஜோதி அடுத்த மெஷினில் நின்றவள். மகள் கல்யாணப் பேச்சிலிருந்து மாமியார் சண்டை வரை அவர்களுக்குள் எல்லாமே காதோடு காதாகத்தான் நடந்தது.

"அப்ப இந்த மைக்கை நாகஜோதி அக்கா காதுன்னு வச்சுக்கங்க."

நோட்டு பைக்குள் போனது. ஷமா சொன்னபடி முதல் வரியை மட்டும் சீட்டில் எழுதிக்கொண்டாள். வீட்டில் சொம்பை முன்னால் வைத்துக் குசுகுசுவென்று பேசிப் பழகினாள். கணவர் காமராஜ் எட்டிப் பார்த்து, "யாருகூடடி பேசுற?" என்று கவலைப்பட்டார்.

முதல் நேரலை மதியம் இரண்டரைக்கு. காலை ஷிப்ட் முடிந்து மில் பஸ்கள் திண்டுக்கல் நோக்கி வரும் நேரம்.

"ஏத்தா, சாப்டியா? பஸ்ல உக்கார எடம் கெடச்சுச்சா?" என்று குசுகுசுவெனத் தொடங்கிவிட்டு அறிவுச்செல்வி பாட்டுக்குக் கை காட்டினாள். பாட்டு வரவில்லை. கம்ப்யூட்டர் அப்படியே நின்றுவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஷமா, பேசுங்கள் பேசுங்கள் என்று கையை ஆட்டினாள்.

அறிவுச்செல்வி மைக்கை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டாள். ஒரு வாய் தண்ணீர் குடித்தாள்.

"பாட்டு வர மாட்டேங்குதுத்தா. கம்ப்யூட்டரு மொறண்டு பிடிக்குது. செத்த நேரம் நம்ம முழங்காலைப் பத்திப் பேசுவமா?"

நின்று நின்று கால் வீங்கிய கதை, சூப்பர்வைசரிடம் ஸ்டூல் கேட்டு வாங்கிய பாடு என்று நாலு நிமிடம் போனதே தெரியவில்லை. நிலையத்துப் போன் அடித்தது. ஷமா அதை அப்படியே ஒலிபரப்பில் இணைத்தாள்.

"ஏடி, நாகஜோதி பேசுறேன். பஸ்ஸு டிரைவரு ரேடியோவுல ஒன் பேச்சைத்தான் வச்சிருக்காரு. ஆனா ஒண்ணும் வெளங்கல. ஒனக்கு என்னடி ஆச்சு, மேலுக்கு முடியலையா? கொஞ்சம் சத்தமாப் பேசேன்!"

மைக்கை மறந்து வாய்விட்டுச் சிரித்தாள் அறிவுச்செல்வி. அந்தச் சிரிப்புதான் அன்றைக்குப் பஸ் முழுக்கக் கேட்டது. மறுநாளிலிருந்து கத்தாமலும் கிசுகிசுக்காமலும் நடுவாந்திரமாக ஒரு குரல் அவளுக்குப் பிடிபட்டது.

இப்போது மூன்றாவது வருடம். போன மாதம் நாகஜோதியே விருந்தினராக வந்தாள். மைக்கைப் பார்த்ததும் வாயடைத்து உட்கார்ந்துவிட்டாள். அறிவுச்செல்வி கேள்விச் சீட்டை ஓரமாக நகர்த்தி வைத்தாள்.

"இன்னைக்கு என்னடி வெஞ்சனம் வச்ச?"

"கத்திரிக்காய்தான். அதுல பாரு, வாங்குன நாலுல மூணு சொத்தை..." என்று ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. அன்று ஷமா ஒதுக்கி வைத்திருந்த ஐந்து பாட்டுகளில் ஒன்றைக்கூடப் போட முடியவில்லை.