மலர் வாங்கிய டிரம் மெஷின்

காலை ஆறு மணிக்கெல்லாம் மலரின் ஸ்கூட்டர் ஜோகுபாளையத்தை விட்டுக் கிளம்பிவிடும். ரத்தப் பரிசோதனை லேப் ஒன்றில் அவளுக்கு வேலை. வெறும் வயிற்றோடு காத்திருப்பவர்களின் வீடு தேடிப் போய் ரத்தம் எடுத்து, பதினோரு மணிக்குள் லேபில் சேர்க்க வேண்டும். மெலிந்த கை, பருத்த கை, பயந்து சுருங்கிய கை, எதுவானாலும் ஒரே குத்தில் நரம்பைப் பிடித்துவிடுவாள் என்று பெயர்.

மூன்று வருடமாக அவள் எலக்ட்ரானிக் இசை செய்துவருவது மட்டும் அந்த வீடுகளில் யாருக்கும் தெரியாது. முதலில் போனில் ஒரு இலவச ஆப், பிறகு பழைய லேப்டாப். மதியச் சாப்பாடு முடிந்ததும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் பால்காரர் மணியடித்தாலும் கேட்காது. லேப்டாப்பில் ஆயிரம் டிரம் சத்தம் இருந்தது. அடிவயிற்றில் இறங்கும் அடி ஒன்றுகூட இல்லை.

அதற்கு அனலாக் டிரம் மெஷின் வேண்டும். பதிவு செய்து வைத்த ஒலி எதுவும் அதில் கிடையாது. பொத்தானை அழுத்தும் ஒவ்வொரு முறையும் உள்ளே ஓடும் மின்சாரமே சத்தத்தைப் புதிதாக உண்டாக்கும். குமிழைத் திருகினால் அதே அடி நீளும், குறுகும், முரடாகும். பெரிய கம்பெனிப் பெட்டிகள் கைக்கெட்டாத விலை. பட்ஜெட் மாடல்களோ கடைக்கு வந்த வேகத்தில் தீர்ந்துவிடும்.

ஒரு சனிக்கிழமை காலை, அல்சூரில் ஒரு வீட்டு வாசலில் கதவு திறக்கக் காத்திருந்தபோது போனில் விளம்பரத்தைப் பார்த்தாள். பட்ஜெட் அனலாக் டிரம் மெஷின், செகண்ட் ஹேண்ட், பொம்மனஹள்ளி. அங்கேயே நின்று எண்ணை அழுத்தினாள்.

விற்பவன் சஞ்சய், ஈரோட்டுப் பையன், ஐ.டி. கம்பெனியில் இருப்பவன். "நாலு மணிக்கு ஒருத்தர் வர்றாருங்க. அதுக்கு முன்னாடி நீங்க வந்துட்டா உங்களுக்கே குடுத்தர்றனுங்க" என்றான்.

அன்றைக்குப் பார்த்து லேபில் வேலை நீண்டது. மூன்று மணிக்குத்தான் கணவன் குணசேகரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு புறப்பட முடிந்தது. அவன் அலுமினிய ஜன்னல் செய்யும் பட்டறையில் இருந்து நேரே வந்திருந்தான், இடுப்புப் பையோடு.

"அவ்ளோ அவசரமா? அது என்ன, ஓடியா போயிடும்?"

"போயிடும். நீ கெட்டியா புடிச்சுக்கோ."

சில்க் போர்டு சந்திப்பின் நெரிசல் அவளை விடவில்லை. சஞ்சயின் வீட்டு மாடியேறியபோது மணி நாலே கால். மேசைமேல் அந்தச் சிவப்புப் பெட்டி. அதன்முன் ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்திருந்தார். சீனு என்று சஞ்சய் அறிமுகம் செய்தான். கச்சேரிகளுக்கு ஸ்பீக்கர் வாடகைக்கு விடுபவர். நாலு மணிக்கு வருவதாக இருந்தவர் இவர்தான்.

ஆனால் சீனுவின் முகத்தில் களை இல்லை. சடசடக்கும் ஸ்னேர் டிரம், கைதட்டல், தாளச் சத்தம் எல்லாம் ஸ்பீக்கரில் கேட்டன. அடியில் முழங்க வேண்டிய பேஸ் டிரம் மட்டும் வாயே திறக்கவில்லை. குமிழ்களை முழுக்கத் திருகிப் பார்த்தார்.

"பிடு குரு, விட்டுத்தள்ளு, போர்டே போச்சு. பேஸ் இல்லாத டிரம் மெஷின் எதுக்கு?" என்று எழுந்தவர், செருப்பை மாட்டிக்கொண்டு போயே போய்விட்டார்.

சஞ்சய் வாடிப்போனான். "போன மாசம் நல்லாத்தான் இருந்துச்சுங்க அக்கா. வேணும்னா பாதி விலைக்கு எடுத்துக்கோங்க."

மலர் பெட்டியைத் திருப்பி, போன் டார்ச்சை அடித்துப் பின்பக்கத் துளைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒவ்வொரு டிரம்முக்கும் அங்கே தனித் துளை உண்டு. வயரைச் செருகினால் அந்தச் சத்தம் பொது ஸ்பீக்கருக்குப் போகாமல் தனி வழியில் போய்விடும். பேஸ் டிரம்மின் துளைக்குள் ஏதோ மினுங்கியது.

"இது போர்டு இல்லப்பா. பிளக்கோட முனை ஒடிஞ்சு உள்ள நிக்குது. வயர் இருக்குதுன்னு மெஷின் நெனைச்சுக்கிட்டு இருக்குது."

குணசேகர் அவள் முழங்கையை லேசாக இடித்தான். அவள் கவனிக்கவில்லை.

"குணா, பசை வச்சிருக்கியா?"

வைத்திருந்தான். காலியான பேனா ரீஃபில் ஒன்றின் நுனியில் கடுகளவு பசை. மூச்சைப் பிடித்துக்கொண்டு, துளையின் விளிம்பில் படாமல் உள்ளே இறக்கினாள். ஐந்து நிமிடம் கழித்து மெல்ல இழுத்தாள். பித்தளைத் துண்டு ரீஃபிலோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

பொத்தானை அழுத்தினாள்.

தும்.

மேசைமேல் இருந்த சாவிக்கொத்து அதிர்ந்தது. அந்த அடி காதுக்கு வருமுன் விலா எலும்புக்கு வந்தது. குமிழைத் திருகினாள், தும் என்பது தூம்ம்ம் என்று நீண்டது. அவள் விரல்கள் தாமாகவே பொத்தான்களைத் தேடின. நாலு அடி, நடுவில் ஸ்னேர், ஓரத்தில் கைதட்டல். சஞ்சய் தலையாட்டத் தொடங்கினான்.

"ஆறு மாசம் வச்சிருந்தேனுங்க. எனக்கு ஒரு நாளும் இப்படிப் பேசுனதில்ல" என்றான். விளம்பரத்தில் போட்ட விலையையே வாங்கிக்கொண்டான். அடாப்டரையும் இரண்டு வயரையும் சும்மா கொடுத்தான்.

படியிறங்கும்போது குணசேகர் கேட்டான். "வாங்கினப்புறம் சொல்லியிருக்கலாம்ல? பாதி விலைன்னு அவனே சொன்னான்."

"சத்தத்தக் கேக்காம வீடு வரைக்கும் யாரால வர முடியும்?"

திரும்பும்போது ஸ்கூட்டரை அவன் ஓட்டினான். பெட்டியை மடியில் அணைத்துக்கொண்டு, நெரிசலில் நின்ற இடத்தில் எல்லாம் குமிழ்களை எண்ணிக்கொண்டே வந்தாள் மலர்.

இரண்டு மாதம் கழித்து, இந்திரா நகரில் ஒரு காபிக் கடையின் மாடியில், ஞாயிறு மதியம் யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம் என்று அறிவித்திருந்தார்கள். மலர் பெயர் கொடுத்தாள். முப்பது பேர் இருந்திருப்பார்கள். முதல் இரண்டு நிமிடம் ஸ்னேரும் கைதட்டலும் மட்டும். பேஸை உள்ளே விட்டதும் முன்வரிசையில் ஒரு பெண் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்து ஆடினாள். பிறகு ஆறேழு பேர். குணசேகர் சுவரோரம் நின்று, பக்கத்தில் இருந்தவரிடம், "அது ரெக்கார்டு இல்ல சார், கரண்டு, அப்பப்ப பண்ணுது" என்று விளக்கிக்கொண்டிருந்தான்.

முடித்ததும் நிகழ்ச்சி நடத்திய வீணா ஓடிவந்து, அடுத்த மாதமும் வர முடியுமா, சனிக்கிழமை காலை பத்து மணிக்கு என்று கேட்டாள்.

"பதினொன்னுக்கு அப்புறம்னா வர்றேன்" என்றாள் மலர். "பத்து மணிக்கு யாரோ ஒருத்தர் பட்டினியா எனக்காக உக்காந்திருப்பாங்க."