ராயப்பன் சுமந்த கட்டு

ராயப்பனுக்கு இங்கிலீஷில் தெரிந்தது ஒரே வார்த்தை, 'புட் அப்'. 1931இல் விழுப்புரத்தில் ஒரு சர்க்கார் ஆபீசில் பியூனாக டவாலி மாட்டிய நாள் முதல் அதுதான் அவருக்குச் சோறு போட்டது. அதிகாரி காகிதக் கட்டின் ஓரத்தில் அதைக் கிறுக்கினால் ராயப்பன் கட்டைத் தூக்க வேண்டும். எங்கே, எப்போது என்பதில்தான் சூட்சுமம். ஒருவர் எழுதினால் 'சாயங்காலம் கொண்டுவா'. இன்னொருவர் எழுதினால் 'பழைய காகிதத்தையெல்லாம் தேடிச் சேர்'. மூன்றாமவர் எழுதினால் 'எனக்கு மாற்றல் வரும்வரை கண்ணில் காட்டாதே'. அகராதிக்காரர் யாரும் அந்த ஆபீஸ் பக்கம் வந்ததாகத் தெரியவில்லை.

1938இல் காணை கிராமத்துப் பக்கத்துச் சேரியிலிருந்து இருபத்திரண்டு குடும்பங்கள் மனைப்பட்டா கேட்டு மனுப் போட்டன. ராயப்பன் குடும்பமும் அதில் ஒன்று. குடிசைகள் நின்றது பண்ணைக்காரர் நிலத்தில். கூலி கூட்டிக் கேட்டால் கூரையைப் பிரித்துவிடுவார். அந்தக் கட்டை எட்டு வருஷம் மேஜைக்கு மேஜை சுமந்தது ராயப்பனேதான். அதைப் பற்றி வாய் திறந்தால் வேலை போய்விடும். ஒவ்வொரு மேஜையிலும் 'புட் அப்'தான். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பார்கள். இங்கே சாமியே சாக்குச் சொன்னது.

1946இல் வருஷக் கணக்குப் பார்க்கும் ஜமாபந்திக்குத் திண்டிவனத்திலிருந்து மேலதிகாரி வந்தார். கையெழுத்துக்குப் போகும் கட்டுகளைப் பெட்டியில் அடுக்குவது ராயப்பன் வேலை. யாரும் எழுதாமல், யாரும் சொல்லாமல், சேரிக் கட்டை எல்லாவற்றுக்கும் மேலே வைத்தார். அதிகாரி படித்தார். "எட்டு வருஷமா?" என்று ஹெட் கிளார்க்கை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

மறு வாரம் ராயப்பனுக்கு மெமோ வந்தது. உத்தரவில்லாமல் கட்டைப் புட் அப் செய்த குற்றம். வேலை போயிற்று.

பட்டா வந்தது இருபத்தொரு குடும்பங்களுக்குத்தான். சர்க்கார் சம்பளக்காரர் என்று ராயப்பன் பெயரை முதல் வருஷமே அடித்திருந்தார்கள்.

மனைவி சவுரியம்மாளுக்கு ஆறவில்லை. "இன்னாய்யா இது? நம்ம பேரு இல்லாத கட்டையா இத்தினி வருசம் தூக்கிக்கினு திரிஞ்சே?"

"தமிழு படிக்கத் தெரியாதா எனக்கு? மிச்சம் இருவத்தோரு பேரு இருந்துச்சு இல்ல."

அவள் அழுதாள். அவருக்கும் அழுகை வந்தது, மறைக்கவில்லை.

மற்றவர்கள் புது மனைக்குக் குடிபோன சனிக்கிழமை, பண்ணை ஆட்கள் வந்து மிச்சமிருந்த ஒரே கூரையைப் பிரித்தார்கள். ராயப்பன் தடுக்கவில்லை.

"மூங்கிலு ஒடையாம எறக்குங்கப்பா" என்று மட்டும் சொன்னார்.