ஊப்... ஊப்... மிஸ்!

மூன்று வருடம் இருக்கும். பொங்கல் முடிந்து வாசல் கோலம்கூட முழுசாக அழியாத ஒரு காலை. இடம், காரைக்குடியிலிருந்து டவுன் பஸ்ஸில் போய் இறங்கி நடக்கிற தூரத்தில் இருக்கும் எங்கள் கண்மாய். அந்த வருடம் மழை நன்றாகப் பெய்திருந்தது. தை பிறந்தும் தண்ணீர் வற்றவில்லை. தண்ணீர் நின்றால் பறவை வரும். பறவை வந்தால் பின்னாடியே பள்ளிக்கூட பஸ்களும் வரும்.

நான் தாவரவியல் படித்தவள். சில வருடம் ஒரு பள்ளியில் பாடம் நடத்தினேன். நாலு சுவருக்குள் நின்றுகொண்டு இலையைப் பற்றிப் பேசி அலுத்துப்போய், வேலையை விட்டுவிட்டு, வெளியூர்ப் பிள்ளைகளைக் கண்மாய்க்குக் கூட்டிப்போய் வகுப்பு எடுக்க ஆரம்பித்தேன். மடை என்றால் என்ன, ஒரு கண்மாய் நிறைந்தால் தண்ணீர் அடுத்த கண்மாய்க்கு எப்படிப் போகிறது, நாட்டுக் கருவேலத்துக்கும் சீமைக் கருவேலத்துக்கும் என்ன வித்தியாசம், எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தே தெரிந்துகொள்ள வேண்டும். நாட்டுக் கருவேலங்காயை எடுத்துக் காலில் கொலுசு மாதிரி கட்டிக்கொள்ளாத பிள்ளையை நான் இதுவரை பார்த்ததில்லை.

ஆனால் எனக்கு ரொம்பப் பிடித்த பாடம் ஒன்று உண்டு. அதன் பெயர் 'மரமாக இருப்பது'. பிள்ளைகள் ஆளுக்கொரு மரத்தடியில் தனியாக உட்கார வேண்டும். பேசக் கூடாது, அசையக் கூடாது, காதை மட்டும் திறந்து வைத்திருக்க வேண்டும். ஒரு கால் மணி நேரம்தான். எங்கள் வீட்டில் எனக்கு ரேடியோ என்று பெயர். ரேடியோ போய் ஊர்ப் பிள்ளைகளுக்கு மௌனம் சொல்லிக் கொடுக்கிறதே என்று என் வீட்டுக்காரர் இன்றைக்கும் சிரிப்பார்.

அந்த வகுப்புக்கு நான் வைத்திருந்த விதிகள் ரொம்பக் கறார். "இனிமே நீங்க பிள்ளைங்க இல்ல, மரம். மரத்தைப் பேர் சொல்லிக் கூப்பிட்டா ஏன்னு கேக்குமா? நான் உங்கள ஏமாத்துறதுக்காகவே பேரச் சொல்லிக் கூப்பிடுவேன். யாரும் வாயத் தொறக்கக் கூடாது. நான் செம்போத்துப் பறவை மாதிரி சத்தம் கொடுப்பேன். அதைக் கேட்டாத்தான் எந்திரிச்சு வரணும்."

விசில் ஊதினால் பறவையெல்லாம் பறந்துவிடும் என்பதற்காக இந்த ஏற்பாடு. அடித்தொண்டையிலிருந்து 'ஊப்... ஊப்... ஊப்' என்று நான் கொடுக்கும் சத்தத்துக்கு நிஜச் செம்போத்தே பதில் கொடுக்கும். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அன்றைக்கு வந்தவர்கள் சென்னைப் பிள்ளைகள். ஆறாம் வகுப்பு. எல்லோரும் மெரூன் கலர் டீ-ஷர்ட். முதல் நாள் கானாடுகாத்தானில் பெரிய பெரிய வீடுகளைப் பார்த்துவிட்டு அங்கேயே தங்கி, காலையில் எங்களிடம் வந்திருந்தார்கள். கூட ஒரு வகுப்பு ஆசிரியை, ஒரு பி.டி. சார். நான் வாய் தவறி "இங்குட்டு வாங்க" என்று சொன்னதுதான் தாமதம், இட்லி சாப்பிட்டு முடிப்பதற்குள் அத்தனை பேரும் இங்குட்டு, அங்குட்டு என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். செம்போத்துச் சத்தத்தை ஒரு தரம் செய்து காட்டினேன். அதற்கப்புறம் சாப்பாட்டுப் பந்தி முழுக்க ஊப் ஊப்தான். "மேடத்தைக் கிண்டல் பண்ணாதீங்க" என்று அந்த ஆசிரியை அதட்ட வேண்டியதாகிவிட்டது.

அந்தக் கூட்டத்தில் ஒரு பெண் குழந்தை, ஓயாமல் பேசிக்கொண்டே இருந்தாள். என்னை மாதிரியே இன்னொரு ரேடியோ என்று பார்த்தவுடனே எனக்குப் பிடித்துவிட்டது. கரைமேல் ஏறியதும், தண்ணீரில் கூட்டமாக நின்ற நத்தைகொத்தி நாரைகளைப் பார்த்து, "ஐயோ மிஸ், எவ்ளோ பெருசு!" என்று கூவிவிட்டாள். அவ்வளவுதான். மொத்தக் கூட்டமும் சடசடவென்று எழும்பிக் கண்மாயின் அந்தக் கரைக்குப் போய்விட்டது. பின்னால் வந்தவர்கள் ஒன்றையும் பார்க்கவில்லை. எல்லாப் பிள்ளைகளும் அவள்மேல் பாய்ந்தார்கள். "உன்னாலதான், எப்பவும் உன்னாலதான்." ஆசிரியையும் அலுப்பில், "இன்னொரு வார்த்தை பேசினா அடுத்த டூருக்கு உன்னைக் கூட்டிட்டு வரமாட்டேன்" என்றார். குழந்தையின் முகம் சுண்டிப்போனது. நானும் அந்த நேரம் ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. போன நாரைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கரைக்குக் கீழே வெளிப்பக்கம் நாட்டுக் கருவேலந்தோப்பு. ஒவ்வொருவராக மரத்தடியில் உட்கார வைத்தோம். அவளுக்குக் கிடைத்தது கடைசி மரம். அதைத் தாண்டினால் சீமைக் கருவேலங்காடு ஆரம்பித்துவிடும். நேரமானதும் கரையில் நின்று சத்தம் கொடுத்தேன். ஒவ்வொரு மரமாக எழுந்து, மறுபடி பிள்ளையாகி, மேலே ஏறி வந்தது. எண்ணிப் பார்த்தால் ஒரு தலை குறைந்தது.

கடைசி மரத்தடிக்கு ஓடினேன். அவளுடைய தண்ணீர் பாட்டில் மட்டும் இருந்தது.

முதலில் நாங்கள் பயப்படவில்லை. இங்கேதான் எங்காவது இருப்பாள் என்று பேர் சொல்லிக் கூப்பிட்டோம். பதில் இல்லை. இன்னும் சத்தமாகக் கூப்பிட்டோம். ஓயாமல் பேசுகிற பிள்ளை, பேர் சொல்லிக் கூப்பிட்டும் பதில் சொல்லவில்லை என்றால் என்ன அர்த்தம்? பிள்ளைகளைக் கரையில் பி.டி. சாரிடம் விட்டுவிட்டு, ஆசிரியையும் நானும் முள்ளுக்குள் நுழைந்தோம்.

அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா, கையில் தொரட்டிக் கம்போடு எங்களை மறித்தார். "யாரத்தா தேடுறீக?"

சொன்னேன். மெரூன் சட்டை என்றதும் அவருக்குச் சந்தேகமே இல்லை. "சேப்புச் சட்டையா? இப்பத்தான அங்குட்டுப் போச்சு, கல்லு வெட்டுன குழிப் பக்கம். என் கண்ணால பாத்தேன். வாங்க, வாங்க."

அந்தக் குழி எனக்குத் தெரியும். வீடு கட்டச் செம்பாறாங்கல் வெட்டி எடுத்துவிட்டு அப்படியே விட்டுப்போன பள்ளம். மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கினால் லேசில் வற்றாது. அந்தப் பக்கம் யாரும் போகக் கூடாது என்று சொல்லித்தான் வகுப்பையே ஆரம்பிப்பேன். அன்றைக்கும் சொல்லியிருந்தேன்.

போய்ப் பார்த்தோம். குழி நிறையச் செம்மண் தண்ணீர். கலங்கல் என்பதால் ஒரு சாண் ஆழத்தில் என்ன கிடக்கிறது என்றுகூடத் தெரியவில்லை. ஆசிரியை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "பஸ் கிளம்பற வரைக்கும் அவங்க அம்மா என் கையைப் பிடிச்சுட்டே நின்னாங்க மேடம். நான் போய் என்ன சொல்லுவேன்?"

நான் இறங்கினேன். "இறங்காதீக, ஆழம் தெரியாதுத்தா" என்று ஆட்டுக்கார அம்மா கத்தினார். நான் கேட்கவில்லை என்றதும் தொரட்டிக் கம்பின் ஒரு முனையை என்னிடம் நீட்டி, மறு முனையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். இடுப்பு மட்டத் தண்ணீரில் நின்று காலால் துழாவினேன். தேடிக்கொண்டே, காலில் எதுவும் தட்டிவிடக் கூடாது, குலசாமி, எதுவும் தட்டிவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். அந்த மாதிரி ஒரு தேடலை வாழ்க்கையில் இன்னொரு முறை எனக்குக் கொடுத்துவிடாதே என்று இப்போதும் கேட்டுக்கொள்கிறேன்.

அப்போது குழியின் அந்தப் பக்கத்துச் செடி மறைவிலிருந்து, சிவப்பாக ஒரு ஆட்டுக்குட்டி எட்டிப் பார்த்து 'மே' என்றது.

ஆட்டுக்கார அம்மா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "அட, நம்ம செவலைக் குட்டியால்ல இருக்கு! இதைத்தான் பாத்தேன் போலத்தா. கண்ணு முன்ன மாதிரி தெரியல."

அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. குழியில் இல்லை என்ற நிம்மதி ஒரு நொடிதான். இங்கே இல்லை என்றால் எங்கே? குழியிலிருந்து ஏறி, தொண்டை கிழியப் பேரைச் சொல்லிக் கத்தினேன். காட்டில் ஒரு சத்தமும் இல்லை.

அந்த நேரம் பார்த்துக் கரைப் பக்கமிருந்து, "ஊப்... ஊப்... ஊப்..." ஒரு குரல் இல்லை, மொத்த வகுப்பும்.

எனக்கு வந்ததே கோபம். ஒரு பிள்ளையைக் காணோம் என்று நாங்கள் இங்கே செத்துக்கொண்டிருக்கிறோம், இவர்களுக்கு இந்த நேரத்திலும் கிண்டலா! திட்டுவதற்காக வாயைத் திறந்தேன். சட்டென்று எல்லாம் விளங்கிவிட்டது. அந்தப் பிள்ளைகள் விளையாடவில்லை. அவளைக் கூப்பிடுகிறார்கள். பேர் சொல்லிக் கூப்பிட்டால் பதில் சொல்லக் கூடாது என்று விதி போட்டவளே நான்தானே? அரை மணி நேரமாக நான் அவளைத் தேடிக் கத்திய ஒவ்வொரு கத்தலும், அவளைப் பொறுத்தவரை, மிஸ் வைக்கிற பரீட்சை.

நானும் சத்தம் கொடுத்துப் பார்த்தேன். பயத்தில் தொண்டை காய்ந்து வெறும் காற்றுதான் வந்தது. இத்தனை வருடம் பெருமையடித்துக்கொண்ட என் செம்போத்து, வேண்டிய நேரத்தில் வரவில்லை. கரையில் பிள்ளைகள் விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

இடது பக்கத்துப் புதரிலிருந்து ஒரு பதில் வந்தது. கனமான, நிதானமான சத்தம். அது நிஜச் செம்போத்து. பிறகு, தூரத்தில், நாங்கள் தேடாத திசையிலிருந்து, மெல்லிசாக இன்னொரு பதில்.

"ஊப்... ஊப்... ஊப்... மிஸ்!"

எந்தப் பறவை மிஸ் என்று கூப்பிடும்? ஓடினேன். சேலையை முள் இழுத்தது, கையைக் கிழித்தது, எதுவும் உறைக்கவில்லை. சீமைக் கருவேலங்காட்டுக்கு நடுவே ஒரு பழைய வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றிருந்தாள். இன்னொரு காலில் ஷூவின் அடிப்பாகத்தைத் துளைத்துக்கொண்டு ஒரு நீள முள் உள்ளே போயிருந்தது. கன்னமெல்லாம் கண்ணீர்க் கோடு. என்னைப் பார்த்ததும் அவள் முதலில் வலிக்கிறது என்று சொல்லவில்லை.

"மிஸ், நான் சத்தமே போடல, பார்த்தீங்களா?"

அவள் குரலில் இருந்த பெருமை இருக்கிறதே, அதுதான் எனக்குக் குத்தியது. கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

நடந்ததை அவளே மூச்சுவிடாமல் சொன்னாள். மரத்தடியில் உட்கார்ந்திருக்கும்போது ஒரு செம்போத்து கூவியிருக்கிறது. நான்தான் கூப்பிடுகிறேன் என்று எழுந்து சத்தம் வந்த பக்கம் போயிருக்கிறாள். சத்தம் தள்ளித் தள்ளிப் போயிருக்கிறது, இவளும் பின்னாலேயே போயிருக்கிறாள். கரையில் நின்று நான் கொடுத்த சத்தமும் அதோடு கலந்து, அவளுக்குத் தனியாகத் தெரியவில்லை. முள் குத்தியதும் கத்த வாயெடுத்தவளுக்குக் காலையில் பறந்துபோன நாரைகள் ஞாபகம் வந்துவிட்டன. அதற்குள் நான் அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டேன். அப்படியானால் ஆட்டம் இன்னும் முடியவில்லை, நாம்தான் அவசரப்பட்டு எழுந்துவிட்டோம் என்று நினைத்து, வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றிருக்கிறாள்.

ஆசிரியையோடு பின்னாலேயே ஓடிவந்த ஆட்டுக்கார அம்மா தன் வளையலில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றி, பேச்சுக் கொடுத்துக்கொண்டே முள்ளை எடுத்துவிட்டார். "வலிச்சா வலிக்குதுன்னு சொல்லுத்தா. முள்ளு குத்துன புள்ள கத்தாம யாரு கத்துவா?" ஆசிரியை பிள்ளையின் முதுகில் ஒன்று வைத்தார், உடனே முத்தமும் கொடுத்தார். இருவரும் சேர்ந்து அழுதார்கள். நான் அவளை முதுகில் தூக்கிக்கொண்டு கரைக்கு வந்தபோது, காலையில் அவள்மேல் பாய்ந்த அதே கூட்டம் ஊப் ஊப் என்று ஊரே அதிரும்படி வரவேற்றது. கண்மாயில் இருந்த பறவையெல்லாம் பறந்தன. யாரும் கவலைப்படவில்லை.

யார் முதலில் அந்தச் சத்தத்தைக் கொடுத்தது என்று கேட்டேன். தெரியவில்லை. ஆளுக்கொருவரைக் கை காட்டினார்கள்.

காரைக்குடியில் ஊசி போட்டு பஸ் ஏற்றிவிட்டேன். மறுநாள் அந்த ஆசிரியையிடமிருந்து வாட்ஸ்அப்பில் தகவல் வந்தது. "திருச்சி வரைக்கும் வாயை மூடவே இல்லை மேடம். நாங்க யாரும் தடுக்கல."

சொன்ன சொல் கேட்கிற பிள்ளை நல்ல பிள்ளை என்று நானும் நினைத்திருந்தவள்தான். எந்த இடத்தில் என் சொல்லை மீற வேண்டும் என்பதைச் சொல்லாமல் விட்டால், நன்றாகக் கேட்கிற பிள்ளைதான் முதலில் மாட்டிக்கொள்ளும் என்று அன்றைக்கு வரை எனக்குத் தோன்றியதே இல்லை. இப்போது பேர் சொல்லி ஏமாற்றும் ஆட்டத்தை விட்டுவிட்டேன். கழுத்தில் ஒரு விசில் தொங்குகிறது. வகுப்பு ஆரம்பிக்கும் முன் பிள்ளைகளிடம் முதலில் சொல்வது இதுதான்: "கொஞ்ச நேரம் மரம் மாதிரி இருங்க. ஆனா நீங்க மரம் இல்ல, பிள்ளைங்க. வலிச்சா கத்துங்க, பயமா இருந்தா கத்துங்க. பறவை பறந்து போனா போகட்டும், அது திரும்பி வரும்."

இன்றைக்கும் கண்மாய்ப் பக்கம் செம்போத்து கூவினால், மூன்றாவது 'ஊப்' முடிந்த பிறகும் நான் நகர்வதில்லை. கடைசியில் ஒரு 'மிஸ்' வருகிறதா என்று நின்று கேட்டுவிட்டுத்தான் போகிறேன்.